ஸ்குவாட் விளையாட்டு: வடசென்னைத் தம்பிகள் கேட்ட கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கணினி இருக்கிறது. அதில் நான் ‘ஸ்குவாட்’ என்ற போர் விளையாட்டை ஆடுவதைப் பார்த்துவிட்டு காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று பல பக்கங்களிலிருந்து தம்பிகள் வந்து கற்றுக்கொண்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் அதே சந்தேகங்களை, அதே வரிசையில் கேட்டார்கள். சிலருடைய அம்மா அப்பாவும் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். புதிதாக வருபவர்கள் முதலிலிருந்து படியுங்கள். ஏற்கெனவே ஆடுபவர்கள் எட்டாவது கேள்வியில் தொடங்கலாம்.

1. அண்ணா, இது பப்ஜி மாதிரியா?

துப்பாக்கி இருக்கிறது, நூறு பேர் ஆடுகிறார்கள். ஒற்றுமை அவ்வளவுதான். பப்ஜியில் கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கு வெற்றி. நான்கு பேர் சேர்ந்து இறங்கினாலும், குறி தவறாத ஒருவர் தனியாகவே ஆட்டத்தை முடித்துவிட முடியும். ஸ்குவாட்டில் ஐம்பதுக்கு ஐம்பது என்று இரண்டே அணிகள். ஒவ்வோர் அணியும் அதிகபட்சம் ஒன்பது பேர் கொண்ட குழுக்களாகப் பிரியும். குழுவுக்கு ஒரு தலைவர். தலைவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்து, வரைபடத்தில் வரிசையாக இருக்கும் கொடிகளைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைக் காக்க வேண்டும். மூலையில் குட்டி வரைபடம் கிடையாது. நீங்கள் சுட்டவர் விழுந்தாரா இல்லையா என்றுகூடத் திரை சொல்லாது.

கனடாவைச் சேர்ந்த ஆஃப்வேர்ல்டு இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. 2005இல் வந்த ‘பேட்டில்ஃபீல்டு 2’ விளையாட்டை ரசிகர்களே மாற்றியமைத்து ‘ப்ராஜெக்ட் ரியாலிட்டி’ என்ற ஒன்றைச் செய்திருந்தார்கள். அதில் உழைத்தவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் ஸ்குவாட். 2015 டிசம்பரில் முழுமை பெறாத நிலையில் விற்பனைக்கு வந்தது. முழு வடிவம் 2020 செப்டம்பரில் வெளியானது. பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டதும் அதே மாதம்தான். எங்கள் பகுதியில் பலருடைய கண் கணினிப் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

2. போனில் ஆட முடியுமா?

முடியாது. விண்டோஸ் கணினி வேண்டும்.

3. என்ன மாதிரி கணினி? ரொம்பச் செலவாகுமா?

தனி கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். பழைய வகை ஹார்டு டிஸ்கில் போட்டால், மற்றவர்கள் வண்டி ஏறிப் போன பிறகுதான் உங்களுக்குத் திரையே வரும். விளையாட்டுக்கென்று நூறு ஜிபிக்கு மேல் இடம் ஒதுக்கி வையுங்கள். பயன்படுத்திய கார்டை ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அவசரப்படுத்தும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கிய விளையாட்டு உங்கள் கணினியில் ஓடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குவது இன்னும் நல்லது.

நம் பகுதிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று கணினியைத் தின்றுவிடும். காசிமேட்டில் ஒரு தம்பியின் கணினியைத் திறந்தபோது திருகாணிகள் துருவேறிப் பழுப்பாக இருந்தன. ராம் பதிந்திருந்த இடத்தில் பச்சை பூத்திருந்தது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகக் கணினியை வைக்காதீர்கள். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டி வீடு என்றால் மாதம் ஒருமுறை மின்விசிறியைத் தூசு தட்டுங்கள். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் குழுவுக்கும் இழப்பு, கணினிக்கும் கேடு. சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

4. விலை உயர்ந்த ஹெட்போன் வேண்டுமா?

விலை உயர்ந்தது வேண்டாம். இரண்டு காதையும் மூடுவதாக, மைக் வாய்க்கு அருகில் வருவதாக இருந்தால் போதும். ஆனால் அதைத் தவிர்க்க முடியாது. இந்த விளையாட்டில் பாதியைக் காதால்தான் ஆடுகிறோம். ஏன் என்பதை எட்டாவது, ஒன்பதாவது பதில்களில் சொல்கிறேன்.

5. ஆன்லைன் விளையாட்டைத்தான் அரசாங்கம் தடை செய்துவிட்டதே, தம்பி. பையனுக்குப் பிரச்சினை வராதா?

ஓர் அம்மா கேட்டது. அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து சீரழிந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்தது பணம் கட்டி, பணம் வெல்லும் ஆட்டங்களை. ஸ்குவாட்டில் பந்தயம் கிடையாது. ஒருமுறை விலை கொடுத்து வாங்குகிறோம், ஆடுகிறோம். வென்றாலும் தோற்றாலும் பணம் கைமாறாது.

அதே சமயம், துப்பாக்கிச் சண்டையைக் காட்டும் விளையாட்டு இது; ரத்தமும் அலறலும் உண்டு. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நான் பக்கத்தில் உட்காரவைப்பதில்லை. இரவில் எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குப் பதினைந்தாவதைப் பாருங்கள்.

6. எந்த சர்வரில் சேர்வது? எனக்குப் பிங் எகிறுகிறது.

பிங் என்பது உங்கள் கணினியிலிருந்து சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், மில்லி நொடிக் கணக்கில். சென்னையிலிருந்து ஆடுபவர்களுக்குச் சிங்கப்பூர் சர்வர்கள் நன்றாக ஒத்துவரும். அதற்குக் காரணம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைக்கும் கடலடிக் கேபிள் 2002 முதல் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே போய்வரச் சுமார் 32 மில்லி நொடி. அதற்கு மேல் சேர்வதெல்லாம் உங்கள் தெருவிலிருந்து கேபிள் வரைக்குமான வழியிலும், அங்கே இறங்கிய பிறகும் சேர்வது. ஐம்பது, அறுபது காட்டினால் கவலைப்படாமல் ஆடலாம். நூற்றைம்பதைத் தாண்டினால் முதலில் வைஃபையை விட்டுவிட்டு, மோடத்திலிருந்து நேராகக் கம்பி இழுங்கள். ஒரே சுவர் தடுப்பில் நான்கு வீட்டு வைஃபை மோதிக்கொள்ளும் தெருக்கள் நம்முடையவை. பல பேருக்கு அந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிட்டது.

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு 9 மணிக்குக் கூட்டம் நிறையும்போது இங்கே மாலை 6.30. நீங்கள் சாப்பிட்டு முடித்து 11.30க்கு உட்கார்ந்தால் அங்கே அதிகாலை 2 மணி. பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். ஆள் குறைவாக இருக்கும்போது சர்வர்கள் ‘சீட்’ என்ற சிறிய ஆட்டத்தை ஓடவிடும். புதியவர்களுக்கு அது நல்ல நேரம். பரபரப்பு இல்லாததால் கேள்வி கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள்.

7. முதல் நாள் எந்த வேலையை எடுப்பது? ஸ்னைப்பர் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். தூரக்குறிச் சுடுநர் குழுவுக்கு ஒருவர்தான். அந்த இடத்தைப் பழகாதவர் பிடித்தால் குழுவுக்கு ஓர் ஆள் குறைவு என்றே பொருள். முதலில் யாரும் இல்லாத பயிற்சித் திடலான ‘ஜென்சன்ஸ் ரேஞ்ச்’ போய் ஒரு மணி நேரம் சுட்டுப் பாருங்கள், வண்டி ஓட்டிப் பாருங்கள். பிறகு சாதாரண ரைஃபிள்மேன். அவரிடம் குண்டுப் பை இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் குண்டு தீரும்போது அந்தப் பையைக் கீழே வைத்தாலே பெரிய உதவி.

இரண்டாவது வாரத்திலிருந்து, விழுந்தவர்களை எழுப்பிக் குணப்படுத்தும் மெடிக் வேலையை எடுங்கள் என்பது என் வலுவான கருத்து. மெடிக்குக்குக் குறி பார்க்கும் திறமை பெரிதாக வேண்டாம். யார் எங்கே இருக்கிறார்கள், யார் குரல் நின்றுபோனது என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கவனம்தான் இந்த விளையாட்டின் உயிர். மூன்று மாதம் மெடிக்காக ஆடியவர் பிறகு எந்த வேலையை எடுத்தாலும் நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

8. எனக்கு ஆங்கிலம் வராது, அண்ணா. மைக்கில் என்ன பேசுவது? மைக்கை அணைத்துவிட்டு ஆடினால் போதாதா?

போதாது. நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். நன்றாகச் சுடக்கூடிய எத்தனையோ தம்பிகள் கூச்சத்தால் மைக்கை அணைத்துவிட்டு, இரண்டு நாளில் விளையாட்டையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சிங்கப்பூர் சர்வரில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி என்று நினைக்கிறீர்களா? ஒருவர் மலேசியர், ஒருவர் இந்தோனேசியர், ஒருவர் பிலிப்பைன்ஸ்காரர். அவரவர் உச்சரிப்பில், இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பேசுகிறார்கள். யாரும் யாரையும் திருத்துவதில்லை. அங்கே தேவைப்படுவது இருபது சொற்கள்.

சொல்லவேண்டிய வரிசை: எந்தத் திசை, எவ்வளவு தூரம், என்ன. திரையின் அடியில் திசைகாட்டி ஓடிக்கொண்டே இருக்கும். எதிரியைப் பார்த்தவுடன் அதன் நடுவில் என்ன எண் என்று பாருங்கள். 245 என்றால் ‘டூ ஃபோர் ஃபைவ்’ என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்லுங்கள். பிறகு தூரம்: ‘ஹண்ட்ரட் மீட்டர்ஸ்’. பிறகு ‘டூ என்மி, ப்ளூ கேட்’. முடிந்தது. இதோடு ‘காண்டாக்ட்’ (எதிரி தெரிகிறான்), ‘க்ளியர்’ (இங்கே யாரும் இல்லை), ‘ரீலோடிங்’, ‘மெடிக்’, ‘ஸ்மோக்’, ‘மூவிங்’, ‘ஆர்மர்’ (கவச வண்டி), புரியாதபோது கேட்க ‘சே அகெய்ன்’ ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் முதல் மாதம் ஓடிவிடும். பேசும் விசைகளை நினைவில் வையுங்கள்: ‘வி’ அழுத்தினால் அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும், ‘பி’ (B) அழுத்தினால் உங்கள் குழு முழுவதும் கேட்கும், ‘ஜி’ தலைவர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு. விசையை அழுத்தி அரை நொடி பொறுத்து, பேசி, விட்டுவிடுங்கள். உடனே பேசினால் முதல் சொல் விழுங்கப்படும். அந்த முதல் சொல்தான் திசை.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுத் தம்பி ஒருவர் வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதல்லவா? அப்பாவோடு படகில் போகிறவருக்கு அந்த நாட்களில் ஓய்வு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். முதல் ஆட்டத்திலேயே அவர் மைக்கில் பேசியதைக் கேட்டு எனக்கு உடல் சிலிர்த்தது. எண், தூரம், என்ன, உடனே அமைதி. மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை. எங்கே கற்றாய் என்று கேட்டேன். படகு வயர்லெஸ்ஸில் ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் மற்ற யாரும் பேச முடியாது. ஆபத்து நேரத்தில் அது உயிருக்கே கேடு. அதனால் இடத்தைச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றார். அன்று எங்கள் குழுத்தலைவர் ஒரு மலேசியர். ஆட்டம் முடிந்ததும் அவர் பெயர் சொல்லி நன்றி சொன்னது இந்தத் தம்பிக்கு மட்டும்தான்.

இன்னொன்று. நம் வீடுகளில் பின்னணிச் சத்தம் அதிகம். குக்கர் விசில், தெருவில் ஆட்டோ, கொருக்குப்பேட்டைப் பக்கம் என்றால் ரயில். அதனால்தான் ‘எப்போதும் திறந்த மைக்’ அமைப்பு வேண்டாம் என்கிறேன். அழுத்தினால் மட்டும் பேசும்படி வைத்திருங்கள்.

9. எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியவில்லை. தலை தூக்கினாலே செத்துப்போகிறேன்.

கண்ணால் தேடுகிறீர்கள், காதால் தேடுங்கள். ரைஃபிள் குண்டு ஒலியைவிட வேகமாகப் பறக்கும். உங்களைக் கடந்துபோகும்போது முதலில் சாட்டை சொடுக்கிய மாதிரி ‘சடக்’ என்று ஒன்று கேட்கும். அது குண்டு. அதை வைத்துத் திசையைத் தேடினால் ஏமாந்துவிடுவீர்கள். சற்றுத் தாமதமாக ‘தொம்’ என்று மங்கலாக ஒன்று வரும். அதுதான் துப்பாக்கி வெடித்த இடம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி நன்றாகத் தெரிந்தால் ஆள் தூரத்தில். இரண்டும் ஒன்றாகக் கேட்டால் பக்கத்தில். படுத்த இடத்திலிருந்து தலையை மெதுவாகத் திருப்பி, ‘தொம்’ இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்திக் கீழே எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணைக் குழுவுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சுடாவிட்டாலும் பரவாயில்லை.

2023 செப்டம்பரில் வந்த பெரிய மாற்றத்துக்குப் பிறகு, குண்டு பக்கத்தில் பறந்தாலே பார்வை மங்கும், துப்பாக்கி ஆடும். ஓடிவந்து நின்றவுடன் சுட்டால் எங்கேயோ போகும். பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் தொடர்ந்து சுட்டு எதிரியைத் தலை தூக்கவிடாமல் வைத்திருக்க, மற்றவர்கள் சுற்றிப் போவதற்கு அதன் பிறகுதான் உண்மையான மதிப்பு வந்தது.

10. விழுந்துவிட்டால் உடனே ‘கிவ் அப்’ அழுத்திவிடலாமா? எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ஒவ்வோர் அணிக்கும் ஆட்டத் தொடக்கத்தில் சில நூறு டிக்கெட்டுகள் தரப்படும். அவை தீர்ந்தால் தோல்வி. நீங்கள் குண்டடிபட்டு விழுந்து கிடக்கும்வரை டிக்கெட் போகாது. ‘கிவ் அப்’ (கைவிடுகிறேன்) அழுத்தினால் ஒன்று போகும். யாராவது வந்து எழுப்பினால் இழப்பே இல்லை. ஐம்பது பேரும் ஆளுக்கு நான்கு முறை பொறுமை இழந்தால் 200 டிக்கெட். கடைசியில் பத்து டிக்கெட்டில் தோற்ற ஆட்டங்கள் எனக்கு நிறைய நினைவிருக்கின்றன. ஆகவே முதலில் எங்கே கிடக்கிறீர்கள், சுட்டவர் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். மெடிக் வருவதாகச் சொன்னால் காத்திருங்கள். நூறு மீட்டருக்குள் ஆளே இல்லை, எதிரி தலைக்கு மேல் நிற்கிறான் என்றால் விட்டுவிடலாம்.

எழுப்பப் போகிறவருக்கு: ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காராதீர்கள். அவரைச் சுட்டவன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். முதலில் புகைக்குண்டு. விழுந்தவருக்கும் எதிரிக்கும் நடுவில் விழும்படி எறியுங்கள். புகை சுவர்போல் எழ ஏழெட்டு நொடியாவது பொறுங்கள். பிறகு தவழ்ந்து போய்க் கட்டுத்துணியை எடுத்துப் பிடியுங்கள். மெடிக் இல்லாத யாரும் கட்டுப் போட்டு எழுப்பலாம். ஆனால் முழு உடல்நிலைக்குக் கொண்டுவர மெடிக்கால் மட்டுமே முடியும். எழுந்தவுடன் ‘நன்றி’ சொல்ல மறக்காதீர்கள், நின்றபடி சொல்லாதீர்கள்.

11. ஹாப், ரேலி, ரேடியோ என்கிறார்கள். எல்லாமே திரும்பப் பிறக்கும் இடம்தானே? என்ன வித்தியாசம்?

ரேலி என்பது உங்கள் குழுவுக்கு மட்டுமான சின்ன இடம். தலைவர் பைகளைக் கீழே வைப்பதுபோல் வைப்பார். எதிரி அருகில் வந்தாலே அழிந்துவிடும். ரேடியோ என்பது முகாமின் வேர். அதைத் தலைவர் வைப்பார். பிறகு சரக்கு லாரியில் கட்டுமானப் பொருளும் குண்டும் கொண்டுவந்து இறக்க வேண்டும். அந்தப் பொருளைக் கொண்டு, எல்லோரும் மண்வெட்டி எடுத்துக் கட்டுவதுதான் ஹாப். அது எழுந்துவிட்டால் அணியில் இருக்கும் ஐம்பது பேரும் அங்கே பிறக்கலாம். ஹாப்பைச் சுற்றி எதிரிகள் சூழ்ந்துவிட்டால் பிறக்க முடியாமல் அடைபட்டுவிடும். ரேடியோவையே எதிரி தோண்டி எடுத்துவிட்டால் பல டிக்கெட்டுகள் ஒரே அடியில் போய்விடும்.

ஆட்டங்கள் பெரும்பாலும் முடிவாவது இங்கேதான். எந்தப் பக்கம் நன்றாகச் சுட்டது என்பதைவிட, எந்தப் பக்கத்துக்குக் கொடியின் அருகில் ஹாப் இருந்தது என்பதே முக்கியம். ‘சுமாரி’ வரைபடத்தைப் பாருங்கள். மண்சுவர் வீடுகள், ஒரு ஆள் மட்டும் நுழையும் சந்துகள். நம் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் நடந்து பழகியவர்களுக்கு அந்த இடம் உடனே புரியும். அங்கே கொடியின் மேலேயே ஹாப் கட்டுவார்கள் புதியவர்கள். சண்டை வந்தவுடன் அடைபட்டுப்போகும். இரண்டு, மூன்று சந்து தள்ளி, லாரி வந்து திரும்ப வழியுள்ள இடத்தில் கட்டினால் கடைசிவரை நிற்கும்.

லாரி ஓட்டுவது கௌரவக் குறைவு என்று நினைக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பகலில் மாதவரம் பக்கம் சரக்கு வண்டி ஓட்டுபவர். ஆட்டத்திலும் லாரிதான் எடுப்பார். நேர்ச் சாலையில் போகமாட்டார். மேட்டின் மறுபக்கமாகச் சுற்றி, இறங்கும் முன் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிட்டு அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்பார். ஒரு மணி நேரத்தில் அவர் சுடும் குண்டுகள் பத்துகூட இருக்காது. அவர் வராத நாட்களில் நாங்கள் குண்டில்லாமல் நிற்கிறோம்.

12. நம் ஆளையே சுட்டுவிட்டேன். வெளியேற்றிவிடுவார்களா?

இந்த விளையாட்டில் நம் குண்டு நம்மவரையும் கொல்லும். அது எல்லோருக்கும் நடக்கும். உடனே எழுத்து அரட்டையில் ‘சாரி’ என்று போடுங்கள். பல சர்வர்களில் மன்னிப்புக் கேட்பது விதியே. அருகில் இருந்தால் நீங்களே போய் எழுப்புங்கள். வேண்டுமென்றே செய்தால் வெளியேற்றுவார்கள், அது சரியும்கூட. சுடுவதற்கு முன் வரைபடத்தை ஒரு நொடி திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தவறு பெருமளவு குறையும்.

13. லீடர் தப்பாகச் சொல்கிறார். அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டுமா?

ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘அந்தப் பக்கம் டாங்கி நிற்கிறது, வலது பக்கமாகப் போகலாமா?’ என்பதுபோல் காரணத்தோடு, சுருக்கமாக. அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்றால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். எட்டுப் பேர் சேர்ந்து செய்யும் சுமாரான திட்டம், நான்கு நான்கு பேராகப் பிரிந்து செய்யும் இரண்டு நல்ல திட்டங்களைவிடப் பெரும்பாலும் வெல்லும். மேலும், அவருக்கு மற்றத் தலைவர்கள் பேசுவதும் கேட்கிறது, உங்களுக்குக் கேட்கவில்லை. இடது பக்கம் வேறு குழு வந்துகொண்டிருப்பது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

கத்துகிறவர், திட்டுகிறவர், சாதி மதம் இனம் பற்றி இழிவாகப் பேசுகிறவர் தலைவராக இருந்தால் பொறுக்க வேண்டியதில்லை. வேறு குழுவுக்கு மாறிவிடுங்கள், சர்வர் நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

14. யாருமே லீடராக மாட்டேன் என்கிறார்கள். எனக்கும் பயம். எடுக்கலாமா?

ஐம்பது மணி நேரம் ஆடியிருந்தால் எடுங்கள். எடுத்தவுடன் ‘எனக்கு இது முதல் முறை’ என்று குழுவிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் பழையவர்கள் தோள்கொடுப்பார்கள். மூன்றே கடமைகளை வைத்துக்கொள்ளுங்கள்: ரேலி எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும், அடுத்து எங்கே போகிறோம் என்பது ஒன்பது பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும், மற்றத் தலைவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சுடுவது கடைசி வேலை. தலைவர் குறி பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில் ரேலி அழிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

சிரமம் என்னவென்றால் இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் காதில் விழும். குழுவின் ஒலியையும் தலைவர்களின் ஒலியையும் அமைப்பில் தனித்தனி அளவில் வையுங்கள். எனக்குக் குழுவின் குரல் சற்றுத் தூக்கலாக இருக்கும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, கேட்ட எண்களைக் கிறுக்கிக்கொள்வது என் வழக்கம். அதைப் பார்த்துவிட்டு இப்போது மூன்று தம்பிகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறார்கள்.

15. ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம்? என் மகன் ‘இதோ ஐந்து நிமிடம்’ என்றே சொல்கிறான்.

ஓர் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சில சமயம் அதற்கும் மேல் போகும். நடுவில் எழுந்தால் குழுவை விட்டுப் போவதாகும். அதனால்தான் அவன் அப்படிச் சொல்கிறான். நிமிடக் கணக்கில் கட்டுப்படுத்தாதீர்கள், ஆட்டக் கணக்கில் பேசுங்கள். பள்ளி நாளில் ஆட்டம் வேண்டாம். விடுமுறை நாளில் இரண்டு. ஆறாவது பதிலில் சொன்னபடி நல்ல நேரம் மாலைதான். நள்ளிரவில் உட்காருவதற்கு ஆட்டக் காரணம் எதுவும் கிடையாது. தம்பிகளே, ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் ஆறரைக்கு ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். அம்மா தட்டோடு காத்திருக்கும் நிலைமையை உருவாக்குவது நாம்தான்.

16. நன்றாக ஆடினால் ராணுவத்தில் சேர உதவுமா?

உதவாது. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓடச் சொல்வார்கள். அதற்கு விடியற்காலையில் கடற்கரைக்கோ மைதானத்துக்கோ போக வேண்டும். இந்த விளையாட்டில் அமெரிக்க, ரஷ்ய, பிரிட்டிஷ், சீனப் படைகள் உண்டு. அடிப்படை விளையாட்டில் இந்தியப் படை கிடையாது. பதற்றத்தில் சுருக்கமாகப் பேசுவது, வரைபடம் படிப்பது ஆகிய இரண்டும் கைவரும். எந்த வேலைக்குப் போனாலும் அவை கூடவே வரும்.

17. நாங்கள் ஒன்பது பேரும் நம்ம ஊர்தான். தமிழிலேயே பேசி ஆடலாமா?

தாராளமாக. குழுவுக்குள் தமிழில் பேசும்போது கிடைக்கும் வேகத்துக்கு ஈடே இல்லை. ‘பின்னாடி பச்சைக் கதவு, இரண்டு பேர்’ என்பதை யோசிக்காமல் சொல்லலாம், யோசிக்காமல் புரியும். ஆனால் மூன்று விஷயம். சில சர்வர்களில் குழுவில் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற விதி உண்டு; சேரும்போது விதிகளைப் படியுங்கள். குழுவின் பெயரிலேயே தமிழ்க்குழு என்று போட்டுப் பூட்டிவிடுங்கள். தெரியாமல் உள்ளே வந்த வெளிநாட்டவர் ஒரு மணி நேரம் எதுவும் புரியாமல் தவிக்கக் கூடாது. அப்படி ஒருவர் வந்துவிட்டால் அந்த ஆட்டம் முழுவதும் அவருக்காக ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

மூன்றாவது, உங்கள் தலைவருக்கு மட்டும் இரண்டு மொழியும் வேண்டும். சென்ற பொங்கல் விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேராக ‘நார்வா’ வரைபடத்தில் ஆடினோம். எட்டாவது பதிலில் சொன்ன காசிமேட்டுத் தம்பிதான் அன்று தலைவர். எங்களிடம் தமிழில் ‘ஆற்றோரம், கல் வீடு, யாரும் சுடாதீங்க’ என்று சொல்லிவிட்டு, ‘ஜி’ விசையை அழுத்தி மற்றத் தலைவர்களிடம் மூன்று எண்களையும் தூரத்தையும் சொன்னார். அரை நிமிடத்தில் மோர்ட்டார் குண்டுகள் அந்தக் கல் வீட்டின் மேல் விழத் தொடங்கின. நாங்கள் எட்டுப் பேரும் மண்வெட்டியோடு ஹாப் கட்டிக்கொண்டிருந்தோம்.